பொமரேனியனுக்கு வாய் நாறினால் பிரஷ் போதுமா?

“எங்கள் பொமரேனியனுக்கு ஆறு வயது. பக்கத்தில் வந்தாலே வாய் நாறுகிறது. பல்லில் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. நாங்கள் தேய்க்கும் பேஸ்ட்டையே போடலாமா? எலும்பு கடித்தால் தானாகச் சுத்தமாகும் என்கிறார்களே?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இரண்டுமே வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது, பேஸ்ட் அத்தனையும் வயிற்றுக்குள்தான் போகும். சில பேஸ்ட்டுகளில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். வெந்த எலும்போ சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வேகாத எலும்பு மட்டும் என்ன, கடைவாய்ப் பல்லையே பிளந்துவிடும்.

வாயைத் திறக்காமல், மேல் உதட்டின் ஓரத்தை மட்டும் பின்னோக்கித் தூக்கிப் பாருங்கள். நீங்கள் சொன்ன பழுப்புப் படிவுதான் காரை. மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தில்தான் அது தடிமனாக இருக்கும். எச்சில் குழாய் அங்கேதான் திறக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து பல் அழுக்கோடு சேர்ந்து இறுகிவிடும். பல்லை ஒட்டி ஈறு செக்கச்செவேலென்று கோடு போட்டதுபோல் தெரிந்தால் அது ஈறு அழற்சி. பொமரேனியன் போன்ற சின்ன வாய் நாய்களுக்குப் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் இது சீக்கிரமே வரும்.

இறுகிய காரை பிரஷ்ஷுக்கு அசையாது. கால்நடை மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து, மயக்க மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலும் சேர்த்துத்தான் காரையைச் சுரண்டி எடுக்க (ஸ்கேலிங்) வேண்டும். ‘மயக்கமா!’ என்று பதறுகிறவர்கள் விழித்திருக்கும் நாய்க்கு மேலோட்டமாகச் சுரண்டச் சொல்லிக் கேட்பார்கள். பல் பளபளக்கும், நோய் அடியிலேயே இருக்கும்.

அதற்கப்புறம்தான் பிரஷ். பல் அழுக்கு இரண்டு மூன்று நாளிலேயே இறுகத் தொடங்கிவிடுவதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்ப்பதில் பெரிய பலன் இல்லை. தினமும் தேயுங்கள். நாய்களுக்கென்றே கோழி வாசனையில் பேஸ்ட் விற்கிறார்கள். முதல் சில நாட்கள் அதை விரலில் வைத்து நக்க மட்டும் விடுங்கள். பிறகு விரலில் ஈரத் துணி சுற்றி இரண்டு பல், நாலு பல் என்று பழக்குங்கள். அப்புறம் மெல்லிய பிரஷ். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். உள்பக்கத்தைப் பெரும்பாலும் நாக்கே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது, பூச்சி கடித்திருக்கும் என்று கண் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே சிலர் நாட்களைக் கடத்துவார்கள். பல நேரம் அது மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்ததாகத்தான் இருக்கும். அப்படித் தெரிந்தாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.