ஆர்கன் வாசிக்கச் சட்டத்தையே மாற்ற வைத்த எல்ஃப்ரிடா ஆன்ட்ரே

"அதிகம் பேசப்படாத, ஆனால் கட்டாயம் பேசப்பட வேண்டிய ஒரு பெண் இசையமைப்பாளர் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஸ்வீடன் நாட்டு எல்ஃப்ரிடா ஆன்ட்ரே (1841–1929). அவருடைய இசை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் நான் அவரை முதலில் சொல்வதற்குக் காரணம் வேறு. திறமை இருந்தும் வேலை கிடைக்காது என்ற நிலை வந்தபோது, அவர் வேலைக்கான விதியையே மாற்ற வைத்தார்.

பால்டிக் கடலிலுள்ள கோட்லாந்து தீவில், சுண்ணாம்புக் கல் மதில் சூழ்ந்த விஸ்பி நகரத்தில் அவர் பிறந்தார். தந்தை மருத்துவர், முற்போக்கு எண்ணங்கள் கொண்டவர், மகள்கள் இருவருக்கும் இசை கற்பித்தவர். மூத்தவளான ஃப்ரெட்ரிகா பிற்காலத்தில் புகழ்பெற்ற ஓபரா (இசை நாடக) பாடகியானார். இளையவள் எல்ஃப்ரிடா ஸ்டாக்ஹோமுக்குச் சென்று, தேவாலயங்களில் ஒலிக்கும் பெரிய குழாய்க்கருவியான ஆர்கன் பயின்றார். அந்தப் படிப்பில் பெண்களைச் சேர்க்காத காலம் அது. ஆகவே தனித்தேர்வராக எழுதி, 1857-இல் தமது 16-ஆம் வயதில் ஆர்கன் தேர்வில் வெற்றி பெற்றார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அக்காலத்தில் ஒரு பெண் வரவேற்பறையில் பியானோ வாசிக்கலாம். அக்காவைப் போல மேடையேறிப் பாடவும் செய்யலாம். ஆனால் ஸ்வீடனில் திருச்சபை அரசோடு பிணைந்திருந்ததால், தேவாலய ஆர்கன் கலைஞர் என்பது சம்பளத்தோடு கூடிய பொதுப்பதவியாக இருந்தது. அப்பதவியில் பெண்ணை அமர்த்தச் சட்டம் இடம் தரவில்லை. "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்று தமிழ் வேதாகமத்திலும் நாம் வாசிக்கிற அப்போஸ்தலர் பவுலின் வரி, பல நாடுகளிலும் இத்தகைய தடைகளுக்குத் துணைக்கு அழைக்கப்பட்டதுதான். (ஆர்கன் வாசிப்பது பேசுவதில் சேருமா என்று பவுலிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.) தந்தையின் துணையோடு எல்ஃப்ரிடா மனுக்கள் அளித்து வாதாடினார். 1861-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஸ்டாக்ஹோமில் ஒரு தேவாலயத்தில் அவருக்கு வேலையும் கிடைத்தது. அதோடு அவர் நிற்கவில்லை. தந்தி அனுப்பும் தொழிலையும் கற்றுக்கொண்டு, அந்த அரசுப் பணியும் பெண்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என்று முறையிட்டார். 1863-இல் அதுவும் நிறைவேறியது. இசை வரலாற்று நூல்கள் இந்தத் தந்திக் கதையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ அவரைப் புரிந்துகொள்ள இதுதான் சரியான இடமாகப் படுகிறது. அவர் கேட்டது கைதட்டலை அல்ல, ஒரு பெண் தன் உழைப்பால் சம்பாதித்து வாழும் உரிமையை.

1867-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரப் பேராலயத்தின் ஆர்கன் பதவிக்கு விண்ணப்பித்த ஆண்களை முந்திக்கொண்டு அவர் தேர்வானார். இறக்கும்வரை, அதாவது ஏறத்தாழ 62 ஆண்டுகள், அந்தப் பதவியில் இருந்தார். ஆர்கனை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த உழைப்பின் அளவு தெரியும். அடுக்கடுக்காக அமைந்த கட்டைகளில் இரு கைகளும் ஓட, கீழேயுள்ள மிதிகட்டைகளில் குதிகாலும் விரல்நுனியும் மாறி மாறித் தாழ்ந்த சுரங்களை வாசிக்க வேண்டும்; நடுவே குமிழ்களை இழுத்தும் தள்ளியும் எந்தக் குழாய்கள் ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். இளவயதில் நான் சில மாதங்கள் முயன்று, கால் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போனதால் விட்டுவிட்டேன்.

இசையமைப்பில் அவர் பட்ட அடி இதைவிடக் கடுமையானது. பெண்கள் சிறு பாடல்கள் எழுதினால் போதும் என்று கருதப்பட்ட காலத்தில், அவர் சிம்பொனி எழுதினார். முதல் சிம்பொனி 1869-இல் ஸ்டாக்ஹோமில் அரங்கேறியபோது, இறுதிப் பகுதியில் முதல் வயலின் குழுவினர் மற்றவர்களைவிட ஒரு தாளக்கட்டு பின்தங்கியே வாசித்தனர். ஒருவர் தவறினால் பிழை எனலாம். ஒரு வரிசை முழுவதும் கடைசிவரை அப்படியே வாசித்ததை என்னென்பது? வேண்டுமென்றே செய்தார்கள் என்றே எல்ஃப்ரிடா நம்பினார். பாடல்களோடு நிறுத்திக்கொள்ளும்படி வீட்டாரே அறிவுரை கூறினர். அவரோ மறு ஆண்டு தம் ஆசிரியர் லுட்விக் நோர்மனுக்கு எழுதிய கடிதத்தில், பெண்ணினத்தின் உயர்வு என்னும் இலட்சியத்தைத் தம்மிடமிருந்து பறிப்பதைவிடப் பாறையிலிருந்து ஒரு துண்டைப் பெயர்ப்பது எளிது என்றார். மதில் நகரத்தில் வளர்ந்தவருக்கு அந்த உவமை இயல்பாக வந்திருக்கும்.

அதன்பின் இரண்டாம் சிம்பொனி, ஆர்கனுக்கென்றே இரண்டு சிம்பொனிகள் (இரண்டாவதில் பித்தளைக் காற்றுக்கருவிகளும் சேரும்), சில கருவிகள் மட்டுமே சேர்ந்து வாசிக்கும் அறையிசைப் படைப்புகள் எனத் தொடர்ந்து எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற செல்மா லாகர்லோஃப் வசனம் எழுத, 'ஃப்ரித்தியோஃப்ஸ் சாகா' என்ற ஓபராவையும் அமைத்தார். ஆனால் அவர் வாழ்நாளில் அது மேடையேறவில்லை. அதிலிருந்து தொகுத்த இசைக்கோவை ஒலித்தது.

1897 முதல் கோதன்பர்க்கில் உழைக்கும் மக்களுக்கான இசை நிகழ்ச்சிகளையும் அவர் பொறுப்பேற்று நடத்தினார். அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 800. பெண்கள் வாக்குரிமைக்கான பன்னாட்டு மாநாடு 1911-இல் ஸ்டாக்ஹோமில் கூடியபோது, அதற்கான கான்டாட்டாவை (பாடகர்களும் இசைக்கருவிகளும் சேர்ந்து நிகழ்த்தும் படைப்பை) இசையமைத்தவரும் அவரே. ஸ்வீடனில் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தது 1921-இல். அப்போது அவருக்கு வயது 80.

கேட்கத் தொடங்குவதானால் பி மைனர் என்னும் சுர அமைப்பில் எழுதப்பட்ட முதல் ஆர்கன் சிம்பொனியைப் பரிந்துரைப்பேன். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள். மிதிகட்டைச் சுரங்கள் அதில் அறவே எழாது. நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதலில் இறுதிப் பகுதியைக் கேளுங்கள்.