வாசகர் கேள்வி – பதில்: திருச்சியில் அடங்கிய கல்கத்தா பேராயர்

(பிஷப் ஹீபர் காலமாகி 200 ஆண்டு ஆவதையொட்டி வந்த கடிதங்களில் சில. பதில் சொல்பவர், தஞ்சை மானம்புச்சாவடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார்.)

திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதை ஆரம்பித்தவர்தானா ஹீபர்? – கும்பகோணம் வாசகர்

மகளுக்கு வாழ்த்து சொல்லுங்கள். கல்லூரியை அவர் ஆரம்பிக்கவில்லை. புத்தூரில் இப்போது இருக்கும் கல்லூரி 1960-களில் வந்தது. அவர் 1826-லேயே போய்விட்டார். அது அவர் நினைவாக வைத்த பெயர், அவ்வளவுதான். நம் காவிரிக் கரையில் அவர் இருந்ததே ஏறத்தாழப் பத்து நாள்.

ரெஜினால்ட் ஹீபர் 1783-ல் இங்கிலாந்தில் மால்பஸ் என்ற ஊரில் பிறந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போதே கவிதைக்குப் பரிசு வாங்கினார். 1807-லிருந்து ஹாட்நெட் என்ற கிராமத்தில் சபைக் குரு. அப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். கல்கத்தா பேராயர் பதவியை இரண்டு முறை வேண்டாம் என்றவர், பிறகு மனசு கேட்காமல் ஒப்புக்கொண்டு, 1823 அக்டோபரில் வந்து இறங்கினார்.

கல்கத்தாக்காரருக்குத் தஞ்சாவூரில் என்ன வேலை? – பாபநாசம் வாசகர்

நல்ல கேள்வி. அன்றைக்கு இந்தியா முழுமைக்கும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பேராயர் ஒரே ஒருத்தர்தான். இலங்கையும் அவர் பொறுப்பு. போதாததற்கு ஆஸ்திரேலியாவையும் 1824-ல் அதே தலையில் கட்டினார்கள்! ரயில் கிடையாது, படகு, குதிரை, பல்லக்குதான். முதல் பேராயர் மிடில்டன் 1822-ல் இறந்தார், ஹீபர் 1826-ல், அடுத்து வந்த ஜேம்ஸ் 1828-ல், அதற்கடுத்த டர்னர் 1831-ல். ஒன்பது வருஷத்தில் நாலு பேராயர். பிறகுதான் லண்டனுக்குப் புத்தி வந்தது. 1835-ல் சென்னைக்குத் தனிப் பேராயர் கிடைத்தார். குளிக்கப் போன இடத்தில் ஹீபரைக் கொன்றது திருச்சித் தண்ணீர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பதவியின் அகலம்தான் கொன்றது என்பேன் நான்.

சரபோஜி மன்னரும் ஹீபரும் சந்தித்தார்களாமே? – தஞ்சைக் கல்லூரி மாணவி

சந்தித்தார்கள், அம்மா. 1826 மார்ச் 26 ஈஸ்டர் ஞாயிறு. அன்று ஹீபர் தஞ்சையில் பிரசங்கம் செய்தார். சாயங்காலம் தமிழ் ஆராதனை. முடிவில் ஆசீர்வாதத்தை அவரே தமிழில் சொன்னார். அடுத்து அரண்மனை. சரபோஜி, ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு. தன் குருவுக்கு லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் செய்வித்தவர். அது இன்றும் சிவகங்கைத் தோட்டத்துச் சர்ச்சில் இருக்கிறது; கல்லூரிக்குப் போகிற வழியில் ஒரு நாள் எட்டிப் பாருங்கள்.

ஹீபர் அசந்துபோனார். மன்னர் லவாய்சியே, லின்னேயஸ் என்று விஞ்ஞானிகளை மேற்கோள் காட்டுகிறார், ஷேக்ஸ்பியரை எடைபோடுகிறார், குதிரை பார்ப்பதிலும் புலி சுடுவதிலும் கெட்டிக்காரர் என்றெல்லாம் கடிதத்தில் எழுதினார். இளவரசர் சிவாஜியைத் தன்னோடு அனுப்பினால் கல்கத்தாவில் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பதாகவும் கேட்டுப் பார்த்தார். மன்னர் இசைந்தாலும் ராணி விடவில்லை. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், மிஞ்சியவனும் நோஞ்சான். எந்தத் தாய் அனுப்புவாள்? பேராயருக்கு அது ஏமாற்றம்தான். எனக்கென்னவோ அந்த விஷயத்தில் ராணி சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது.

கிணற்றில் விழுந்தார் என்கிறார் என் தாத்தா, தொட்டியில் மூழ்கினார் என்கிறார் அப்பா. எது நிஜம்? – திருவையாறு வாசகர்

அப்பா பக்கம் அரை மார்க் கூட. ஏப்ரல் 1-ல் திருச்சி வந்தார். மறுநாள் ஞாயிறு, புனித யோவான் ஆலயத்தில் பிரசங்கமும் திடப்படுத்தலும் (ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் தலையில் கைவைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு). திங்கள்கிழமை விடியற்காலையிலேயே கோட்டைக்குள் சுவார்ட்ஸ் கட்டிய சர்ச்சுக்குப் போய்த் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்தினார். தங்களுக்கென்று ஒரு குரு வேண்டும் என்று ஜனங்கள் மனு கொடுத்தார்கள். அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியவர், அங்கியைக்கூடக் கழற்றாமல் உடன் வந்த ராபின்சன் ஐயர் அறைக்குப் போய் அந்தச் சபையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம்.

அதன் பிறகுதான் குளிக்கப் போனார். ஆள் முழுகுகிற ஆழமுள்ள குளியல் தொட்டி. முந்தைய நாட்களிலும் அதில் குளித்தவர்தான். அரை மணி நேரமாகியும் சத்தமில்லை என்று வேலையாள் கதவைத் திறந்தால், உடல் தண்ணீருக்குள். பங்குனி வெயிலில் களைத்த உடம்போடு குளிர்ந்த நீரில் இறங்கியதில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள் வைத்தியர்கள். வயது 43-கூட நிறையவில்லை.

சபைக்குள் சாதியை ஆதரித்தவர் என்கிறார்களே? – மயிலாடுதுறை வாசகர்

மழுப்பாமல் சொல்கிறேன். அன்றைய தஞ்சைச் சபையில் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள், நற்கருணைக்கும் தனித்தனி வரிசை. புதிதாக வந்த மிஷனரிகள் அதை எதிர்த்தார்கள். வேதநாயக சாஸ்திரியார் போன்ற உள்ளூர்ப் பெரியவர்கள் விடவில்லை. 1824-ல் ஹீபர் கல்கத்தாவில் குருப்பட்டம் கொடுத்தாரே, கிறிஸ்தியான் தாவீது, அவரும் நம் தஞ்சைப் பக்கத்துக்காரர்தான். இது மதமல்ல, உலக வழக்கம்தான் என்று அவர் சொன்னதை ஹீபர் பெரும்பாலும் நம்பினார். விசாரணைக்கு உத்தரவிட்டார்; முடிவு சொல்லும் முன்பே இறந்தார். 1833-ல் பேராயர் வில்சன்தான் சபைக்குள் சாதியே கூடாது என்று கட்டளையிட்டார். தஞ்சையில் பலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். ஹீபர் நல்ல மனிதர், சந்தேகமில்லை. இந்த விஷயத்தில் மட்டும், கேட்கவேண்டிய ஆட்களைக் கேட்காமல் முன்வரிசைக்காரர்களைக் கேட்டார்.

‘தூய தூய தூயா’ அவர் பாட்டுதானா? – நாகப்பட்டினம் வாசகர்

ஆமாம், ஹாட்நெட்டில் இருந்தபோது ஆங்கிலத்தில் எழுதியது. நாம் பாடுகிற மெட்டை ஜான் டைக்ஸ் 1861-ல்தான் போட்டார். எழுதியவர் அந்த மெட்டைக் கேட்டதே இல்லை.

கல்லறையைப் பார்க்கலாமா? – மன்னார்குடி வாசகர்

பார்க்கலாம். யோவான் ஆலயத்துக்குள்ளேயே, பலிபீடத்துக்கு வடபக்கம் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஆராதனை முடிகிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.