வீட்டு வன்முறையும் பெண்களின் உடல்நலமும்: கேள்வி பதில்

சமுதாய நலச் செவிலியம் கற்பிக்கிறேன். கணவனோ காதலனோ அடிப்பதால் பெண்களின் உடம்புக்கு என்ன ஆகிறது, அதற்கு ஆராய்ச்சியாளர்கள் என்ன வழி கண்டிருக்கிறார்கள் என்பது என் துறை. அதைப் பற்றிக் கேளுங்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வீட்டில் மற்றவர்கள் எடுத்துப் பார்க்கும் போனிலிருந்து உங்கள் சொந்தக் கதையை இங்கே எழுத வேண்டாம்.

கேள்வி (எம்.எஸ்சி. நர்சிங் மாணவி, திருநெல்வேலி): மேடம், இந்தத் தலைப்பில்தான் தீசிஸ் செய்யப் போகிறேன். யாருடைய ஆராய்ச்சியிலிருந்து தொடங்கலாம்?

ஜாக்குலின் கேம்ப்பெல். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் செவிலியர் கல்லூரிப் பேராசிரியை, நம்மைப் போல நர்ஸ்தான். 1985-ல் அவர் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். இந்தப் பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று அவளும் நர்சும் சேர்ந்து கணிப்பதற்கானது அது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி காலண்டர். போன வருடம் எந்தெந்த நாள் அடி விழுந்தது, எவ்வளவு மோசமாக என்று அந்தப் பெண்ணே குறிக்க வேண்டும். "முன்பைவிட அதிகமாகவில்லை" என்று சொன்ன பெண்களில் 38 சதவீதம் பேர், காலண்டரை நிரப்பிய பிறகு "அதிகமாகியிருக்கிறது" என்று பதிலை மாற்றினார்கள். தன் வாழ்க்கையைத் தானே எழுதிப் பார்க்கும்போதுதான் அது அவளுக்கே புலப்படுகிறது.

அடுத்து அவரும் சகாக்களும் 2003-ல் வெளியிட்ட 11 நகர ஆய்வைப் படியுங்கள். துணைவனால் கொல்லப்பட்ட 220 பெண்களின் தாய், சகோதரி, தோழிகளிடம் கேட்டு, அடி வாங்கியும் உயிரோடிருந்த 343 பெண்களோடு ஒப்பிட்டார்கள். அடிப்பவன் கையில் துப்பாக்கி இருந்தால் கொலை அபாயம் ஐந்து மடங்குக்கு மேல். அவனுக்கு வேலை இல்லாததும் பெரிய காரணம். ஆபத்து எவ்வளவு என்று சரியாக உணர்ந்திருந்தவர்கள் கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். "அவளே பயப்படவில்லையே" என்று யாரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கேள்வி (பெயர் வேண்டாம்): அக்கா, என் தங்கையை அவள் வீட்டுக்காரர் முந்தாநாள் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறார். காயம் எதுவும் இல்லை. குரல் மட்டும் கம்மியிருக்கிறது. வெந்நீர் குடித்தால் சரியாகுமா?

இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு அழைத்துப் போங்கள் அம்மா. நாளைக்கு வேண்டாம். "கழுத்தை நெரித்தார், அதிலிருந்து குரல் மாறிவிட்டது" என்று இதே வார்த்தைகளில் டாக்டரிடம் சொல்லுங்கள். தொண்டை வலி என்று சொன்னால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விழுங்கக் கஷ்டம், மூச்சுத் திணறல், கண்ணில் ரத்தப் புள்ளி, நெரித்தபோது நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது, இதில் எது இருந்தாலும் அதையும் சொல்லுங்கள்.

மற்றவர்களும் படிக்கட்டும் என்று விளக்குகிறேன். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கின்றன. நெரிக்கும்போது அவற்றின் உட்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் உறைந்து, நாட்கள் கழித்துப் பக்கவாதமாகவும் வரலாம். வெளியே தடம் இருக்க வேண்டியதில்லை. சான் டியாகோ நகரில் போலீசுக்கு வந்த 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். பாதி வழக்குகளில் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை.

இன்னொன்று. ஒருமுறை கழுத்தை நெரித்தவனால் அந்தப் பெண் பிறகு கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று நான்சி கிளாஸ் தலைமையில் 2008-ல் வந்த ஆய்வு சொல்கிறது. தங்கை இன்று அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். தங்கையின் வீட்டுக்காரர் பார்க்கும் போனில் அந்த எண் பதிவாகக் கூடாது, உங்கள் போனிலிருந்தே கூப்பிடுங்கள்.

கேள்வி: ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்?

அது வக்கீல் சொல்ல வேண்டியது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே உதவுவார்கள்.

கேள்வி (சென்னை): இவ்வளவு அடி வாங்கும் பெண் ஏன் விட்டுவிட்டு வருவதில்லை?

வெளியேறும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். மேலே சொன்ன 11 நகர ஆய்வில், ஆட்டிப் படைக்கும் குணமுள்ளவனோடு சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பிரிந்த பெண்களுக்குத்தான் கொலை அபாயம் பல மடங்கு கூடியிருந்தது. அதனால் பணம், பிள்ளைகள், போக ஓர் இடம், நம்பகமான ஓர் ஆள் என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் அந்தப் பெண் காத்திருக்கிறாள். அவளுடைய கணக்கு பெரும்பாலும் நம்முடையதைவிட நுட்பமானது.

கேள்வி (ஈரோடு): அம்மாவுக்கு 52 வயது. அப்பா பல வருடம் தலையில் அடித்திருக்கிறார். இப்போது மறதி, தலைவலி, அடுப்பில் வைத்ததே நினைவில்லை. டாக்டர் மெனோபாஸ் என்கிறார்.

மெனோபாஸாகவும் இருக்கலாம். ஆனால் தலையில் வாங்கிய அடியை டாக்டரிடம் சொன்னீர்களா என்பதே என் கேள்வி. ஈவ் வலேரா என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர் 2003-ல், துணைவனிடம் அடிபட்ட 99 பெண்களிடம் விசாரித்தார். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு ஒருமுறையாவது மூளைக் காயம், பாதிப் பேருக்குப் பலமுறை. காயம் அதிகமாக அதிகமாக ஞாபகமும் புதிதாகக் கற்கும் திறனும் குறைந்திருந்தன. விளையாட்டு வீரர்களின் தலைக்காயத்துக்கு இவ்வளவு பணமும் கவனமும் கொடுத்த மருத்துவ உலகம், வீட்டுக்குள் சுவரில் மோதப்பட்ட தலைகளைப் பல காலம் எண்ணவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. இந்தப் பெண்களை "சொன்னதை மாற்றி மாற்றிச் சொல்கிறாள்" என்று போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் நம்பாமல் போகிறார்கள். மூளைக் காயம் பட்டவருக்கு நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது.

அம்மாவை நரம்பியல் ஓபிக்கு அழைத்துப் போங்கள். எப்போதாவது நினைவு தப்பியதா, கழுத்தை நெரித்திருக்கிறாரா என்று அப்பா இல்லாதபோது கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: எல்லாம் குடியால்தானே?

குடி அடியைக் கூட்டும். குடிக்காதவர்களும் அடிக்கிறார்கள்.

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்): ஓபிக்கு வரும் எல்லாப் பெண்களிடமும் "வீட்டில் அடிக்கிறார்களா" என்று கேட்பதைக் கட்டாயமாக்கினால் என்ன? பிபி பார்ப்பதுபோல இதையும் பார்க்கலாமே.

டாக்டர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் கனடாவில் ஹேரியட் மேக்மில்லன் குழு இதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டது. ஒன்டாரியோவில் 6,700-க்கும் மேற்பட்ட பெண்கள். கேள்வி கேட்டு, பதிலை மருத்துவரிடம் கொடுத்ததால் மட்டும் 18 மாதத்தில் அடி குறிப்பிடும்படி குறையவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2013 வழிகாட்டியில் எல்லோரிடமும் கேட்கச் சொல்லவில்லை. சந்தேகம் வரும்போது, தனிமையில், பயிற்சி பெற்றவர் கேட்கட்டும் என்கிறது.

அதே மருத்துவர்: கேட்டதால் கெடுதலும் இல்லை என்று அதே ஆய்வு சொல்கிறதே? தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சொல்லியிருக்கிறார்கள். சந்தேகம் வரும்வரை காத்திருந்தால் எத்தனை பேர் நம் கண்ணில் படாமலே போவார்கள்?

கிராம சுகாதார செவிலியர் ஒருவர்: சார், எங்கள் சப்-சென்டரில் ஒரே அறை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கேட்கச் சொல்லி ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் போட்டால் எல்லோரும் "இல்லை" என்று டிக் அடிப்போம். அவ்வளவுதான் நடக்கும்.

சிஸ்டர் சொல்வதுதான் என் பயமும். கெடுதல் இல்லை என்று அந்த ஆய்வில் வந்தது உண்மைதான், டாக்டர். அங்கே தனியிடத்தில், ரகசியம் காத்துக் கேட்டார்கள்.

பலன் தந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். பிரிட்டனில் ஜீன் ஃபெடர் குழு லண்டன் ஹாக்னியிலும் பிரிஸ்டலிலும் 48 குடும்ப மருத்துவ நிலையங்களில் செய்து 2011-ல் வெளியிட்டது. 24 நிலையங்களில் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதோடு, அனுப்பினால் பொறுப்பேற்றுக்கொள்ள ஓர் ஆலோசகரையும் பெயர் சொல்லிக் காட்டினார்கள். ஒரு வருடத்தில் அங்கிருந்து 223 பெண்கள் உதவிக்கு அனுப்பப்பட்டார்கள். மற்ற 24 நிலையங்களிலிருந்து 12 பேர்தான். மும்பை பாந்த்ராவில் மாநகராட்சியின் பாபா ஆஸ்பத்திரியில் சேஹத் என்ற அமைப்போடு சேர்ந்து தொடங்கிய 'திலாசா' மையமும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆலோசகர் இருக்கிறார், அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று நர்சுக்குத் தெரியும்.

அதே மருத்துவர்: ஆலோசகர் வரும்வரை சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. உங்கள் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு (ஒன் ஸ்டாப் சென்டர்) ஒருநாள் நீங்களே போய், அங்கே இருப்பவரிடம் பழகி எண் வாங்கி வாருங்கள். பிறகு கேளுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. "ஆமாம்" என்று சொன்ன பெண்ணை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அவள் இன்னொருவரிடம் வாய் திறக்க மாட்டாள்.

கேள்வி: ஆனாலும் படித்த பெண்கள் ஏன் விட்டு வருவதில்லை?

மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: ஆண்களை யாரும் அடிப்பதில்லையா?

அடிபடும் ஆண்கள் உண்டு. அவர்களுக்கும் சிகிச்சை வேண்டும். என் படிப்பு பெண்களைப் பற்றியது.

கேள்வி: வந்து கேட்பவரிடம் பெண்கள் உண்மையைச் சொல்வார்களா? அந்தக் கணக்கெடுப்பை நம்பலாமா?

அதிகமாகச் சொல்ல அவர்களுக்குக் காரணமே இல்லை. குறைத்துத்தான் சொல்வார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே இந்தப் பகுதியைக் கேட்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் கேட்காமலே விட வேண்டும். கிளாடியா கார்சியா மொரேனோ தலைமையில் 10 நாடுகளில் 24,000 பெண்களிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட உலக சுகாதார நிறுவன ஆய்விலும் பெண்ணின் பாதுகாப்புதான் முதல் விதி.

கேள்வி: விவாகரத்து வாங்கினால் தீர்ந்ததுதானே, ஏன் இருக்கிறார்கள்?

மூன்றாவது முறை. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (திருநெல்வேலி மாணவி மறுபடி): மேடம், கேம்ப்பெல் கேள்வித்தாளைத் தமிழில் மொழிபெயர்த்து அப்படியே செய்யலாமா?

அப்படியே வேண்டாம். அங்கே துப்பாக்கி பெரிய கேள்வி. நம் வீடுகளில் மண்ணெண்ணெய், மாடிப்படி, அரிவாள்மனை பற்றியும் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து குடியேறிய பெண்களுக்கென்று அவர்களே தனியாக மாற்றி எழுதினார்கள், அதைப் பாருங்கள். தீசிஸுக்குக் கைக்கு அடங்கிய வேலை வேண்டுமென்றால், நெறிமுறைக் குழு அனுமதியோடு உங்கள் ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவுகளை ஒரு வருடத்துக்கு எடுத்துப் பாருங்கள். "கீழே விழுந்தார்" என்று எழுதிய பெண்களில் எத்தனை பேரின் கழுத்தை யாராவது பரிசோதித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு எண்களை மட்டும் எடுங்கள். அந்தப் பட்டியலை உங்கள் சொந்தப் போனில் வைக்காதீர்கள்.