சியோல் 'தீக்கடல்' ஆகும் என்ற மிரட்டலை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி: "சியோலைத் தீக்கடலாக்குவோம் என்று வட கொரியா அடிக்கடி சொல்கிறதே, அது எப்போது ஆரம்பித்தது? அங்கே இருப்பவர்கள் பயப்பட மாட்டார்களா? என் தங்கை அங்கே மேற்படிப்புக்குப் போகப் போகிறாள், அதனால்தான் கேட்கிறேன்."

தங்கை தாராளமாகப் போகட்டும். தென் கொரியாவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மிரட்டலை வெறும் வாய்ச்சவடால் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் கதை தெரிந்தால் ஏன் என்று உங்களுக்கும் புரியும்.

கொரிய மொழியில் அது 'புல்பாதா'. புல் என்றால் நெருப்பு, பாதா என்றால் கடல். பெரிய தீ விபத்தைப் பற்றிப் பேசும்போதும் மக்கள் சொல்கிற சாதாரணச் சொல்தான். அரசியலில் அது ஒட்டிக்கொண்ட நாள் 1994 மார்ச் 19. இடம், இரு கொரியாக்களின் எல்லையில் பேச்சுவார்த்தைகள் நடக்கும் பன்முன்ஜொம். அணுசக்தித் தகராறு முற்றியிருந்த நேரம் அது. யொங்பியொன் அணு வளாகத்துக்கு வந்த சர்வதேச ஆய்வாளர்களை முழுமையாகச் சோதிக்க வட கொரியா விடவில்லை. சிறப்புத் தூதர்களைப் பரிமாறிக்கொள்வது பற்றிப் பேச உட்கார்ந்தவர்களுக்கு நடுவே வாக்குவாதம் சூடேறியது. வட கொரியப் பிரதிநிதி பார்க் யொங்-சு, எதிரே இருந்த தென் கொரியப் பிரதிநிதி சொங் யொங்-தேயைப் பார்த்துச் சொன்னதன் சாரம் இதுதான்: சியோல் இங்கிருந்து தூரமில்லை, போர் வந்தால் தீக்கடலாகிவிடும், நீங்களும் பிழைப்பது கஷ்டம்.

அந்தப் பேச்சில் "போர் வந்தால்" என்று ஒரு நிபந்தனை இருந்தது. போர் தொடுப்போம் என்று அவர் சொல்லவில்லை. கோபத்தில், எதிராளியை நடுங்க வைக்கச் சொன்னது, கொடூரமான பேச்சுதான், சந்தேகமில்லை. ஆனாலும் அறைக்குள் நடந்த வாக்குவாதம். அந்த அறையின் காட்சி கேமரா வழியாக சியோலுக்கு வந்துகொண்டிருந்தது. வழக்கமாக வெளியே விடாத அந்தப் பதிவை தென் கொரிய அதிபர் கிம் யொங்-சாமின் அரசு தொலைக்காட்சிகளுக்குக் கொடுத்தது. மக்கள் அதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாளடைவில் "போர் வந்தால்" கழன்று விழுந்து, "சியோலைத் தீக்கடலாக்குவோம்" என்பது மட்டும் நின்றது. பொதுப் பேச்சில் ஒரு எச்சரிக்கை இப்படித்தான் பழிவாங்கும் சபதமாக மாறிவிடுகிறது. ஒரு தரப்பு பொறுப்பில்லாமல் பேசுகிறது, மறுதரப்பு அதை ஊர் முழுக்கப் போட்டுக் காட்டுகிறது. இரண்டுமே எனக்கு வருத்தம் தருபவை.

அந்த வருடம் ஜூனில் பதற்றம் உச்சத்துக்குப் போனது. சியோலில் மக்கள் அரிசி, ராமியன் என்னும் உடனடி நூடுல்ஸ் பொட்டலங்கள், அடுப்பு வாயுக் குப்பிகள் எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தார்கள். என்னோடு வேலை செய்த ஒரு மூத்த பெண்மணி அப்போது பள்ளிச் சிறுமி. வீட்டு வராந்தாவில் ராமியன் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்ததும், அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாததும்தான் அவருக்கு நினைவிருக்கிறது. பயம் காரணமில்லாததும் அல்ல. போர் மூண்டால் முதல் 90 நாட்களில் அமெரிக்கப் படையில் 52,000 பேரும் தென் கொரியப் படையில் 4,90,000 பேரும் சாவார்கள் அல்லது காயமடைவார்கள் என்று அதிபர் கிளிண்டனிடம் கணக்குச் சொல்லியிருந்தார்கள். பொதுமக்கள் அதில் சேர்த்தி இல்லை. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் பியோங்யாங்குக்குப் போய் வட கொரியத் தலைவர் கிம் இல்-சுங்கைச் சந்தித்த பிறகுதான் சூடு தணிந்தது. ஜூலை 8 அன்று கிம் இல்-சுங் இறந்தார். அக்டோபரில் ஜெனீவாவில் அமெரிக்காவுக்கும் வட கொரியாவுக்கும் இடையே அணு ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்தச் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. 2010 மார்ச்சில் தென் கொரியாவின் சொனான் போர்க்கப்பல் மூழ்கி 46 மாலுமிகள் இறந்தார்கள். அதற்கு வட கொரியாதான் காரணம் என்று சொன்ன தென் கொரியா, எல்லையில் பிரச்சார ஒலிபெருக்கிகளை மறுபடி வைக்கத் தொடங்கியது. ஜூனில் வந்த பதில், சியோல் தீக்கடலாகும் என்பது. 2011 நவம்பரில் அதிபர் மாளிகையான நீல மாளிகையே தீக்கடலாகும் என்றார்கள். கூடவே 'இரக்கமற்ற தண்டனை', 'ஆயிரம் மடங்கு பதிலடி' என்று வரிசையாக வரும். 'தண்டனை' என்று சொல்லும்போதே தன்னை நீதிபதியாகவும் எதிரே இருப்பவரைக் குற்றவாளியாகவும் வைத்துப் பேசுகிறார்கள்.

இந்த மொழி வடக்கில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2016 செப்டம்பரில் வட கொரியாவின் ஐந்தாவது அணுச் சோதனைக்குப் பின் தென் கொரிய ராணுவம் அறிவித்த திட்டத்தின் பெயரே 'பெருமளவு தண்டனையும் பதிலடியும்'. மூன் ஜே-இன் ஆட்சியில், 2019இல், அதை 'மேலோங்கிய பதில் நடவடிக்கை' என்று மென்மையாக்கினார்கள். 2022இல் யூன் சொக்-யொல் வந்ததும் பழைய பெயர் திரும்பியது. ஏவுகணைகள் அங்கேயேதான் இருந்தன, ஆட்சிக்கு ஆட்சி பெயர்ப்பலகை மாறியது.

சரி, பயப்பட மாட்டார்களா என்று கேட்டீர்கள். அன்றாடம் பயந்துகொண்டு யாரும் இல்லை. மிரட்டல் செய்தி திரையில் ஓடும், உணவகத்தில் யாரும் கரண்டியைக் கீழே வைப்பதில்லை. இதைத் துணிச்சல் என்று வெளிநாட்டவர்கள் புகழ்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு மரத்துப்போனதுதான். பன்முன்ஜொம்மிலிருந்து சியோல் சுமார் 50 கிலோமீட்டர். எல்லைக்கு வடக்கே 170 மில்லிமீட்டர் பீரங்கிகளும் 240 மில்லிமீட்டர் பல்குழல் ஏவுகணைகளும் இன்றும் நிற்கின்றன. தலைநகர வட்டாரத்தில்தான் நாட்டின் மக்கள்தொகையில் பாதி வாழ்கிறது.

அங்கே இருந்த காலத்தில் நான் கற்றுக்கொண்டது, எந்த வாக்கியத்துக்குப் பயப்பட வேண்டும் என்பதை. பெரிய உவமைகளை விட, இடமும் செயலும் குறிப்பாகச் சொல்லும் வறண்ட வாக்கியங்களை நான் கவனிப்பேன். 2010 நவம்பர் 23 காலை, யொன்பியொங் தீவில் தென் கொரியா நடத்தவிருந்த பீரங்கிப் பயிற்சியை எதிர்த்து வடக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது. அன்று மதியமே தீவின் மீது குண்டுகள் விழுந்தன. நான்கு பேர் இறந்தார்கள், அதில் இருவர் பொதுமக்கள். 2020 ஜூன் 13 அன்று வட கொரியத் தலைவர் கிம் ஜொங்-உன்னின் தங்கை கிம் யோ-ஜொங், கேசொங் நகரத்திலிருந்த இரு கொரியாக்களின் தொடர்பு அலுவலகம் இடிந்து விழுவதை விரைவில் பார்க்கலாம் என்றார். 16ஆம் தேதி அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தீக்கடல் பற்றிய பேச்சு அதற்கு மறுநாள்தான் அரசுச் செய்தி நிறுவனத்தில் எட்டிப்பார்த்தது! இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அறிக்கை யார் பெயரில் வருகிறது, உள்நாட்டு மக்கள் படிக்கும் ரொதொங் சின்முன் நாளிதழில் அச்சாகிறதா, வெளிநாட்டுக்கான செய்தியாக மட்டும் நிற்கிறதா என்று. சொந்த மக்களிடமே சொல்லிவிட்டால் பின்வாங்குவது கடினம்.

அப்புறம், உங்கள் தங்கைக்கு மிரட்டல்களை விட 2023 மே 31 முக்கியம். வட கொரியா செயற்கைக்கோள் ஏவிய அன்று காலை 6.41க்கு சியோல் மக்களின் கைப்பேசிகளுக்கு வெளியேறத் தயாராகும்படி அவசரச் செய்தி வந்தது. ஏன், எங்கே போவது என்று அதில் இல்லை. 7.03க்கு, அது தவறாக அனுப்பப்பட்டது என்று உள்துறை அமைச்சகம் மறுசெய்தி அனுப்பியது. இடைப்பட்ட நேரத்தில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் பலர் தவித்தார்கள்.

ஆகவே அவள் போவதற்கு முன் கொரிய எழுத்துகளை வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும், சில நாளில் வந்துவிடும். அவசரச் செய்திகள் பெரும்பாலும் கொரிய மொழியில்தான் வரும். சுரங்க ரயில் நிலையங்கள் பலவும் புகலிடங்கள். அங்கே ஒட்டியிருக்கும் பலகையில் 'தேபிசோ' என்று இருக்கும். தங்கும் அறைக்குப் பக்கத்தில் அது எங்கே என்று போன முதல் வாரமே ஒருமுறை நடந்து பார்த்துவிடச் சொல்லுங்கள். தூதரகத்தில் பெயரையும் பதிவு செய்துகொள்ளட்டும்.