இ-ஆபிஸ் வந்த பிறகு வேலை இரட்டிப்பானது ஏன்?

வணக்கம். அரசு அலுவலகக் கோப்புகளைக் கணினியிலேயே நடத்தும் மென்பொருளான இ-ஆபிஸில் எழுதிய குறிப்பையே கண்காணிப்பாளருக்காக அச்செடுத்துக் காகிதக் கோப்பிலும் வைப்பதாகச் சொல்கிறீர்கள். வேலை இரட்டிப்பாவது அங்கேதான், மென்பொருளால் அல்ல. ஒரு தேதி குறித்து, அதன்பின் வரும் தபாலுக்குக் காகிதக் கோப்பே கிடையாது என்று அலுவலக ஆணை போடச் சொல்லுங்கள். இது எழுத்தில் இல்லாவிட்டால் யாரும் காகிதத்தை விடமாட்டார்கள். பழையவற்றில் நடப்புக் கோப்புகளை மட்டும் ஸ்கேன் செய்து இ-ஆபிஸில் ஏற்றினால் போதும்.

கோப்பு திறக்கத் திணறுவது பெரும்பாலும் வண்ண ஸ்கேனால். 200 டிபிஐ (ஸ்கேனின் தெளிவு அளவு), கறுப்பு வெள்ளை, பிடிஎஃப் போதும்; வரைபடத்துக்கு மட்டும் வண்ணம். ஸ்கேன் வேலை தபால் பிரிவிலேயே முடியட்டும், உங்கள் தலையில் விழக் கூடாது.

இ-ஆபிஸில் குறிப்பு இரண்டு நிறத்தில் இருக்கும். மஞ்சள் குறிப்பு வரைவுதான், திருத்தலாம். பச்சைக் குறிப்பு இறுதியானது; அதோடு கோப்பை அனுப்பிவிட்டால் திருத்த முடியாது, பிழை நீக்க இன்னொரு குறிப்புதான் எழுத வேண்டும். தொகை, நாள், அரசாணை எண் மூன்றையும் மஞ்சளில் இருக்கும்போதே சரிபாருங்கள்.