கோத்தகிரியில் 90 வருடப் பழைய வீடு. மரம், கல், செடி என்று இயற்கையான உள்ளலங்காரத்தோடு புதுப்பிக்க எங்கே தொடங்குவது?

பலகைச் சுவர், கருங்கல் ஒட்டு, பாசிச் சுவர் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். சுவரில் ஏறும் ஈரத்தை, அதாவது ஓதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 90 வருட வீடு என்றால் ஒன்றரை அடி கனத்தில், கல்லோ செங்கல்லோ, சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவராகத்தான் இருக்கும். பிற்பாடு யாராவது அதன்மேல் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்திருப்பார்கள். ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் பொரிந்து உப்புப் பூத்திருக்குமே, அது அதனால்தான். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. அதற்கும் மேலே பலகை ஒட்டினால் பின்னால் பூஞ்சை வளரும். அதுவும் இயற்கைதான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளித்தால் காற்றோட்டம் போதவில்லை. வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இதுதான் நடக்கும்.

சுவரிலிருந்து என்றால் வேலை வெளியேதான். வெளி மண் உள்தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். மேட்டுப் பக்கம் சரிந்த மண்ணில் பூச்செடி வைத்து, அஸ்திவாரத்துக்கு மேலே விட்டிருந்த காற்றுத் துளைகளை மூடியிருப்பார்கள். மரத்தரை உளுத்துப்போவது அதனால்தான். மண்ணை அள்ளிவிட்டு, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வெட்டி, துளையிட்ட 4 அங்குலக் குழாய் போட்டு 40 எம்எம் ஜல்லி நிரப்புங்கள். 100 அடிக்கு ஓரடி வாட்டம். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டாதீர்கள். ஜேசிபிக்கு நீலகிரியில் தனி அனுமதி வேண்டும்; இந்த வேலைக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.

பிறகு சிமெண்ட் பூச்சை உளியால் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. இரு பக்கமும் திறந்திருந்தால் ஒன்றரை அடிக்கு ஒன்பது மாதம். அப்புறம் ஊறவைத்த சுண்ணாம்பு 1, மணல் 3 சேர்த்த கலவை. ஒரு தடவைப் பூச்சு 10 முதல் 12 எம்எம் கனம், அடுத்த பூச்சுக்கு முன் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி. கோத்தகிரிக்கு அதிக மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும். பூச்சுக்கு பிப்ரவரி, மார்ச் நல்லது. மேலே பால் பதத்தில் சுண்ணாம்பு வெள்ளை, மெல்லிசாக நான்கு தடவை. காவி, மஞ்சள் மண், பச்சை ஆக்சைடு கலக்கலாம். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும்.

எஞ்சினியர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: சிமெண்ட் கெட்டது என்று சொல்லவில்லை. கான்கிரீட் வீட்டுக்கு அதுதான் சரி.

இன்னொன்று. செயற்கைப் பாசிப் பலகைக்குச் சொன்ன விலையைக் கொடுப்பவர்கள், சுண்ணாம்புக் கொத்தனார் கூலி கேட்டால் மட்டும் "கீழே சமவெளியில் இவ்வளவு ஆகாதே" என்று பேரம் பேசுகிறார்கள். பிறகு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பல். மகனை இந்தத் தொழிலுக்கு எந்தக் கொத்தனார் அனுப்புவார்?

சரி, மரம். தரைக்கு இடிப்பு வீட்டுத் தேக்கு வாங்குங்கள். ஆணி பிடுங்கி, இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, அதே அறையில் மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். சமவெளியில் காய்ந்த பலகை மலைக் காற்றில் உப்பும். சுவரோரம் 10 எம்எம் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் (சுவரடிப் பட்டை) மறையுங்கள். விடாவிட்டால் தரை நடுவில் கூடாரமாக எழும்பும்.

கல் ஒட்டு வேண்டாம். சுவருக்குள் நல்ல கல் இருந்தால் மேற்பூச்சை எடுத்து, இணைப்புக்குச் சுண்ணாம்பு வைத்தால் போதும். படுக்கையறையில் அதுவும் வேண்டாம், இரவில் சில்லென்று இருக்கும். நாற்காலி, அலமாரிக்கு உண்ணிச்செடிக் குச்சியில் முடைந்தது வாங்கலாம். காட்டை நெரிக்கும் களை, வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. பெரணி, மணிபிளாண்ட் எல்லாம் தொட்டியில் ஜன்னலோரம், சுவரில் படாமல்.

தேக்குக்கு பாலிஷை விட ஆளிவிதை எண்ணெய் நல்லது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துவிட்டு வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.