குவாண்டம் கணினியை எங்கே இணைப்பது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சரக்கு வண்டிகளுக்கு அன்றாடம் வழித்தடம் வகுக்கும் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். குவாண்டம் கணினியை இணைத்தால் வேகம் கூடும் என்று நிர்வாகம் கருதுகிறது. முழு மென்பொருளையும் மாற்றி எழுத வேண்டியிருக்குமா?

பதில்: வேண்டாம். இருப்புக் கணக்கு, ரசீது, பயனர் திரை ஆகியவை வழக்கமான சர்வரிலேயே இருக்கட்டும். குவாண்டம் கணினியால் அவற்றுக்குப் பயனில்லை. எந்த வண்டி எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கை மட்டும் தனிச் சேவையாகப் பிரித்துவிட்டால், அதை இன்று வழக்கமான நிரலும் நாளை குவாண்டம் கருவியும் செய்து தரலாம். குவாண்டம் வரத் தாமதமானாலும் இந்தப் பிரிப்பு வேலை வீண்போகாது.

2016-இல் ஐபிஎம் நிறுவனம் 5 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட குவாண்டம் கணினியொன்றை இணையம் வழியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இன்றும் பெரும்பாலோர் இக்கருவிகளை அவ்வாறே பயன்படுத்துகின்றனர். நாம் அனுப்பும் வேலை வரிசையில் காத்திருந்து, பின்னர் ஆயிரக்கணக்கான முறை இயக்கப்படும். திரும்பி வருவது ஒற்றை விடையன்று. 0, 1 ஆகியவற்றால் எழுதப்பட்ட விடைகளில் 0110 இத்தனை முறை, 1010 இத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை அட்டவணை. வண்டியை ஒரே இடத்துக்கு இருமுறை அனுப்பும் விடைகளும் அதில் கலந்திருக்கும் என்பதால், அவற்றைச் சலித்தெடுக்கும் நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும். ஆகவே, பயனர் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் இடத்தில் இதை வைக்காதீர்கள். இரவில் பின்னணியில் ஓடும் வேலையாக வையுங்கள்.

வேகத்தைப் பற்றி நிர்வாகத்திடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். 20 நிறுத்தங்களில் எது எத்தனையாவது என்று, ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஒரு கியூபிட்டாக நேரடியாகக் குறித்தால் 20 x 20, அதாவது 400 கியூபிட்டுகள் வேண்டும். அதே கணக்கைச் சாதாரண மடிக்கணினி நொடிப்பொழுதில் முடித்துவிடும். இன்றைய கருவிகளில் பிழையும் மிகுதி. எனவே சிறிய மாதிரிக் கணக்குகளை இரண்டு முறையிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பழகுவதற்கே இப்போது இணைக்கலாம்.

கேள்வி: அப்படியானால் இப்போதைக்குச் சும்மா இருக்கலாமா?

பதில்: கூடாது. போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ குறியாக்கத்தை உடைத்துவிடும் என்று அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டிவிட்டார். இன்று திருடப்படும் தரவைப் பத்திரப்படுத்தி அன்று திறந்துகொள்ள முடியும். இதைத் தடுக்கும் புதிய குறியாக்க முறைகளில் மூன்றை அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் இறுதி செய்தது. உள்நுழைவு, மின்கையொப்பம், காப்புப் பிரதி, வெளியார் எழுதிய நிரல் நூலகங்கள் என உங்கள் மென்பொருளில் பழைய குறியாக்கம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று முதலில் பட்டியலிடுங்கள். நெடுங்காலம் இரகசியமாக இருக்க வேண்டிய ஒப்பந்தங்களை அனுப்பும் இணைப்புகளிலிருந்து மாற்றத்தைத் தொடங்குங்கள்.